கோபாலசிங்கத்தின் கற்பூர டப்பா

சட்டைப் பையிலிருந்து தகர டப்பாவை எடுத்து, மேசையில் ஒரு தட்டுத் தட்டி வைப்பார் கோபாலசிங்கம். விசாரணை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உள்ளே இருப்பது கற்பூரக் கட்டிகள். "இதைக் கண்டவுடனை பாதிப் பொய் செத்துப்போம். மிச்சத்தை நான் பாப்பன்" என்பார்.

இத்தாலியின் பலேர்மோ நகரில், அல்பெர்கேரியாப் பக்கம் ஒரு வாடகை மண்டபத்தில் இருக்கிற அம்மன் கோயிலுக்கு அவர்தான் பிணக்குத் தீர்க்கும் பொறுப்பாளர். கோயில் சபை கொடுத்த பதவி அவ்வளவுதான். சனம் வைத்த பெயர் 'நீதி அமைச்சர்'. கேலிக்கு வைத்ததை அவர் மெய்யாகவே எடுத்துக்கொண்டார். விசாரணை நாட்களில் மீசைக்கு மை பூசிக்கொண்டு வருகிறார்.

இரண்டு வீட்டார் பல்கனிக்குப் பல்கனி கட்டிய உடுப்புக் கொடிக்காக அடிபட்டுக்கொண்டு வந்தார்கள். "திங்கள், செவ்வாய், புதன் உமக்கு. வியாழன், வெள்ளி, சனி அவைக்கு. ஞாயிற்றுக்கிழமை கொடிக்கு லீவு" என்று தீர்ப்புச் சொன்னார். கொடி இன்னும் அறுபடாமல்தான் இருக்கிறது.

பகலில் லிபெர்த்தாப் பகுதியில் செலஸ்ரீனா என்ற தொண்ணூறு வயது இத்தாலியச் சிஞ்ஞோராவை அவள் வீட்டில் பராமரிக்கிறார். மாத்திரை விழுங்கிவிட்டதாக அந்த அம்மாள் மாதாமேல் ஆணையிடுவாள். இவர் டப்பாவை மேசையில் வைப்பார். அவள் முணுமுணுத்தபடி தலையணைக்கடியிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டுவாள். கற்பூரம் எதற்கென்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அமைச்சர் முன்பு நீதவானாகவும் இருந்தவர். இலங்கையில் போர்க்காலத்தில், இடம்பெயர்ந்த சனம் ஒரு கோயில் வளவில் கூடாரமடித்துக் கிடந்தபோது கோர்ட்டு கச்சேரி எல்லாம் பூட்டு. கோயிலை நிர்வகித்த இளம் கோபாலசிங்கம்தான் வழக்குக் கேட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் சந்நிதியில் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அணைத்தால் விடுதலை, மறுத்தால் குற்றவாளி. இதைப் பற்றிப் பலேர்மோவில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. "அந்த ஆள் இல்லாட்டி ஆளையாள் கொத்திக்கொண்டு செத்திருப்பம்" என்பது ஒன்று. "நெருப்புக்குப் பயந்தவன் எல்லாம் கள்ளனோ?" என்பது மற்றது. இரண்டு கட்சியோடும் அவர் சிரித்துக் கதைப்பார். புனிதமலரைக் கண்டால் மட்டும் வீதியின் மறுகரைக்குப் போய்விடுவார்.

பத்தொன்பது வயதில், ஒரு சங்கிலியைத் திருடினாள் என்று அவர் முன் நிறுத்தப்பட்டு, கற்பூரம் அணைக்க மாட்டேன் என்று நின்றவள் புனிதமலர். சங்கிலி கடைசிவரை அகப்படவில்லை. கள்ளி என்ற பெயர் மட்டும் விசா கேட்காமலே பலேர்மோ வரை அவளோடு வந்துவிட்டது.

போன ஞாயிறு சபைக் கூட்டம். அம்மனின் நகைப்பெட்டிச் சாவியை வைத்திருந்தவர் லண்டனுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். புது ஆள் அமையும்வரை சாவி கற்பூர டப்பாவுக்குள்ளேயே கிடந்தது. கோயில் சமையலைப் பார்க்கிற அம்பிகை எழும்பி, "புனிதமலரிட்டைக் குடுப்பம்" என்றாள். சங்கிலியைப் பறிகொடுத்த வீட்டு விக்னராஜா துள்ளி எழுந்தார். "கற்பூரம் அணைக்காத ஆளிட்டை அம்மன்ரை நகையோ? நீதவானே இஞ்சை இருக்கிறார், கேளுங்கோ!"

எல்லாத் தலையும் கோபாலசிங்கத்தின் பக்கம் திரும்பியது. தீர்ப்பு தீர்ப்புத்தான் என்று ஒரு சொல் சொன்னால் சோலி முடிந்தது. முப்பது வருடமாக அவர் சொல்லிவந்ததும் அதைத்தான்.

அதற்குள் புனிதமலரே எழுந்தாள். "அண்டைக்கு எனக்குத் துடக்கு, அண்ணை. மாதத்திலை வாறது. அந்த நேரம் சந்நிதியிலை கால் வைக்கலாமோ? கற்பூரத்தைத் தொடலாமோ? அவ்வளவு ஆம்பிளையளுக்கு முன்னாலை ஒரு குமர்ப்பெட்டை அதை எப்பிடி வாய்விட்டுச் சொல்லுறது? அணைப்பியோ மாட்டியோ எண்டுதான் கேட்டனியள். ஏனெண்டு கேக்கேல்லை."

பெண்கள் பக்கத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். கோபாலசிங்கம் நான்கு அக்காமாரோடு வளர்ந்தவர். மாதத்தில் மூன்று நாள் அவர்கள் சாமியறைப் பக்கம் போகாததைப் பார்த்தே வளர்ந்தவர். அப்படிப்பட்டவருக்கு அன்று அது புத்திக்கு எட்டவேயில்லை. வெட்கத்தில் அவருக்குக் காதுமடல் வரை சுட்டது.

விக்னராஜா விடுகிறதாக இல்லை. "அப்ப இண்டைக்கு அணைக்கட்டும்!"

"ஓம், அணைக்கிறன். கொளுத்துங்கோ." அவள் மேசைக்கு முன்னால் வந்து வலது கையை நீட்டினாள்.

கோபாலசிங்கம் டப்பாவைத் திறந்தார். யாரோ நெருப்புப்பெட்டியை நீட்ட, அவர் அதை வாங்கவில்லை. விசாரணையில் ஒருநாளும் கதிரையை விட்டு எழும்பாதவர் எழுந்து நின்று, கற்பூரக் கட்டிகளுக்கு அடியில் கிடந்த சாவியை எடுத்து, நீட்டியிருந்த அந்த உள்ளங்கையில் இரண்டு கையாலும் வைத்தார்.