தேவகியின் வலது கை

எங்கள் தெருவில் தேவகியை யாரும் நல்லவள் என்று சொல்லமாட்டார்கள். வாய் நீளம். மனசில் ஒன்றை வைத்துக்கொண்டால் லேசில் விடமாட்டாள். நானும் அவளை மெச்சப் போவதில்லை. ஆனால் அவள் வஞ்சம் வைத்ததில் ஒரு குற்றமும் இல்லை என்பது என் கட்சி.

கணவன் இறந்துபோன பிறகு அவளும் கொழுந்தன் வேலாயுதமும் ஒரே தறியில் நெய்தார்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்யும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். தேவகி தறியில் உட்கார, அவன் பக்கத்தில் இருந்து கரை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளிக் கொடுப்பான். அவன் வந்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் தறி சும்மா கிடக்கும். பொறுத்துப் பார்த்தவள் அவன் இடத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்காரவைத்தாள். அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கொல்லையில் அவள் சாயம் காய்ச்சும்போது போய்க் கொப்பரையை எட்டி உதைத்தான். கொதிக்கும் சாயம் அவள் வலது கையில் கொட்டியது.

மகள் கலைவாணிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

"போலீஸ் கேஸுன்னு போனா சம்மந்தி வூட்ல இன்னா நெனப்பாங்க? கால் தடுக்கி வுழுந்துட்டேன்னு சொல்லிடும்மா."

அவளும் ஆஸ்பத்திரியில் அப்படியே சொன்னாள். அப்பா இல்லாத பெண் என்பதால், சித்தப்பன் வேலாயுதம்தான் பெண்டாட்டியோடு மணையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுத்தான். தேவகி கட்டுப்போட்ட கையோடு பந்தல் ஓரத்தில் நின்றாள்.

புண் ஆறியது. ஆனால் புறங்கைத் தழும்பு தடித்து இறுகி, விரல்களை மடங்கவிடாமல் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. சோறு பிசைய முடியாது, நாடா பிடிக்க முடியாது.

சென்னையில் டாக்டர் மஹாலட்சுமி என்று ஒருவர் இருப்பதைக் கேள்விப்பட்டுப் போனாள். காலையில் அறுவை சிகிச்சை, மாலையில் ஆராய்ச்சிக்கூடம் என்று இருப்பவர். வயிற்றுக் கொழுப்பை மெல்லிய குழாயால் உறிஞ்சி, அதிலுள்ள ஸ்டெம் செல்களைப் பிரித்து, தழும்புக்கு அடியில் செலுத்தினால் தோல் இளகுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஆராய்ச்சிம்மா, உறுதி குடுக்க முடியாது. தழும்புல ஒரு பாதிக்குத்தான் செல். மறு பாதிக்கு வெறும் உப்புத்தண்ணி. எது எந்தப் பக்கம்னு உங்களுக்கும் தெரியாது, அளக்கறவங்களுக்கும் தெரியாது. ஒப்பிட்டுப் பாத்தாத்தான் உண்மை தெரியும்."

"எங்க வேணா போடுங்க. எனக்கு விரல் மடங்கணும்."

"மறுபடி நெய்யணுமா?"

"அதுவுந்தான்" என்றாள் தேவகி.

பல மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சி செய்தாள். கட்டைவிரல் பக்கம் மெல்ல இளகியது. சுண்டுவிரல் பக்கம் கட்டையாகவே கிடந்தது. ஆய்வு முடிந்து பார்த்தபோது, செல் போயிருந்தது கட்டைவிரல் பக்கம்தான். டாக்டர் துள்ளிக் குதிக்கவில்லை. ஒரு கையை வைத்து எதுவும் சொல்ல முடியாது, இன்னும் பலர் வேண்டும் என்றார். சாயத்தில் வெந்தவர்களைத் தேடி எங்கள் காஞ்சிபுரத்துக்கே வந்தார்.

நெசவாளர் சங்கக் கட்டடத்தில் கூட்டம். சங்கத்துக்குச் செயலாளர் யார் என்கிறீர்கள்? சாட்சாத் வேலாயுதம். டாக்டருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தான்.

"எங்க அண்ணி கால் தடுக்கி வுழுந்தப்ப நான்தான் தூக்கிக்கினு ஓடினேன். அவங்களுக்கும் ஒரு பொன்னாடை போத்தறேன்."

டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. "விரல் எப்படி மடங்குதுன்னு எல்லாருக்கும் காட்டுங்கம்மா" என்றார்.

தேவகி கையை நீட்டினாள். பொன்னாடையோடு குனிந்தவனின் சட்டைக் கழுத்தை இளகிய விரல்களால் கொத்தாகப் பிடித்தாள். அவன் இளித்துக்கொண்டே விலக்கப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் பார்த்தான். முடியவில்லை.

"நான் தடுக்கி வுழல. இவன்தான் கொப்பரைய ஒதச்சான். சொல்லு வேலாயுதம்."

மைக் அணையவில்லை. முழி பிதுங்க நின்றான். "ஒதச்சேன். வுடு அண்ணி" என்றான்.

முன்வரிசையில் இருந்த கலைவாணியின் மாமியார் எழுந்தார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சம்மந்திம்மா. நாங்க இன்னா கல்யாணத்த நிறுத்தியா இருப்போம்?"

தேவகியின் முகம் கறுத்துப் போனது. பிடி இன்னும் இறுகியது. டாக்டர் பதறி ஓடிவந்தார்.

"போதும்மா, விடுங்க. தழும்பு கிழிஞ்சிடும்."

"கிழியட்டும்" என்றாள் தேவகி.