கறள் என்று நினைத்துச் சுரண்டினேன்

பாணுக்காக விடியுமுன் பேக்கரி வாசலில் வரிசையில் நின்ற காலம் அது. திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகுகளின் இரும்பில் பிடித்த கறளைச் சுரண்டிப் பெயின்ற் அடிக்கும் வேலையில் இருந்தேன். வயது நாற்பத்து மூன்று. மனைவி இறந்து ஏழு மாதம். பச்சை குத்திக்கொள்ள இதைவிடப் பொருத்தமில்லாத வயது கிடையாது. குத்திக்கொண்டேன்.

குத்தியவன் ஒரு பிறநாட்டுக் கப்பலின் சமையற்காரன். தமிழ் தெரியாதவன். சிகரெட் பெட்டி அட்டையில் மனைவியின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்துப் படம் வரைவதுபோல என் இடது முன்கையில் இறக்கினான். பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அந்தப் பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் அவளைக் கூப்பிட்டதில்லை. எங்கள் வழக்கப்படி நான் 'இஞ்சேரும்' என்பேன், அவள் 'இஞ்சேருங்கோ' என்பாள். இரண்டு பேரும் பெயரில்லாமலே காலத்தை ஓட்டிவிட்டோம்.

கப்பல்காரன் சைகையிலேயே பக்குவம் சொன்னான். நனைக்காதே, சொறியாதே, துளி எண்ணெய் விட்டு மெல்லத் தடவு. சொறிவதுபோல நடித்துத் தன் கையிலேயே ஓர் அடியும் போட்டுக் காட்டினான். நான் சிரித்தேன்.

நாலு நாள் ஒழுங்காகத்தான் இருந்தேன். ஐந்தாம் நாள் பெயர் முழுவதும் கறுத்துத் தடித்து, ஓரங்கள் உரிந்து எழும்பத் தொடங்கியது. அங்கேதான் என் தொழில் மூளை வேலை செய்தது. பெயின்ற் பொருக்காக எழும்பினால் அடியில் கறள் இருக்கிறது என்று அர்த்தம். நல்ல இரும்பு தெரியும்வரை சுரண்ட வேண்டும். எனக்கு இருபது வருட அனுபவம். துறைமுகத்துத் தண்ணீரில் கையை ஊறவைத்துத் தென்னந்தும்பால் தேய்த்தேன். பிறகு, இரும்பைத் துடைப்பதுபோல, மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு துடை. பொருக்கோடு சேர்ந்து பச்சையும் வந்துவிட்டது. நடு எழுத்து இருந்த இடத்தில் சிவந்த சதைதான் மிஞ்சியது.

பக்கத்து ஏணியில் நின்ற கூட்டாளி எட்டிப் பார்த்தான்.

"என்ன மச்சான், மனுசிய அழிக்கிறியோ?"

"இனித்தான் முதல் பூச்சு அடிக்கப் போறன்" என்றேன். பகிடி விடாமல் எனக்கு மூச்சு விட ஏலாது.

மறுநாள் காலை கை வீங்கி, கக்கத்தில் நெறி கட்டி, காய்ச்சல். முழங்கைக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு ஏறிக்கொண்டிருந்தது. கையை வெட்டப் போகிறார்கள் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். ஒரு கையால் சட்டைப் பொத்தான் போட்டுப் பார்த்தேன். ஒற்றைக் கையோடு ஏணியில் நிற்க ஏலுமா என்று பார்க்கக் கதிரையில் ஏறி, விழுந்தேன். வெட்டிய கையை உடனே புதைப்பார்களா, மிச்ச ஆளும் வந்து சேரும்வரை வைத்திருப்பார்களா என்றுகூட யோசித்தேன். வேலைக்குக் கூட்டிப்போக வந்த கூட்டாளியிடம், என் சைக்கிளை நீயே வைத்துக்கொள் என்று அழாக்குறையாகச் சொன்னேன்.

"ரயர் தேய்ஞ்ச சைக்கிள் எனக்கேன்? ஏறு, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

என் வீடு இருந்த அன்புவழிபுரத்திலிருந்து அதே சைக்கிளின் பாரில் என்னை ஏற்றிக்கொண்டு மிதித்தான்.

டாக்குத்தர் பார்த்தார், ஏசினார், ஊசி எழுதினார். புண்ணைக் கழுவி மருந்து கட்ட வந்த நேர்ஸ் மிஸி கேட்டார்:

"எப்ப தொடக்கம் காய்ச்சல்?"

"இண்டைக்குக் காலமைதான், மிஸி."

"உடன வந்தது நல்லதாப் போச்சு. கையும் தப்பும், நீங்களும் தப்புவீங்கள். மூண்டு நாள் வச்சிருந்தா ஒண்டும் செய்திருக்கேலாது."

மூன்று நாள். மனைவிக்குக் காய்ச்சல் வந்தபோது நான் வீட்டில் வைத்திருந்தது மூன்று நாள். "சமைக்கப் பஞ்சியில கள்ளக் காய்ச்சல்" என்று முதல் நாள் பகிடி விட்டேன். அவளும் சிரித்தாள். இரண்டாம் நாளும் அதையே சொன்னேன், அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மூன்றாம் நாள் இதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது பிந்திவிட்டது. என் கைக்கென்றால் ஒரு காலைப்பொழுதுகூடப் பொறுக்கவில்லை.

"இதென்ன பேர்? நடுவில அழிஞ்சு கிடக்கு" என்றார் மிஸி.

"மனுசிட பேர்."

"அது விளங்குது. பேரைச் சொல்லுங்கோ."

மிஞ்சிய எழுத்துகளை விரலால் தொட்டுக் காட்டினேன். கூட்டாளி வேறு பக்கம் பார்த்தான். பிறகு சொன்னேன். வாழ்க்கையில் முதல்தரம், சத்தமாக. சொல்லிவிட்டு விசரனைப் போல வாசலைப் பார்த்தேன். என்னவென்று கேட்டு எட்டிப் பார்க்க ஒருத்தியும் இல்லை. அவள் போய்விட்டாள் என்பது ஏழு மாதம் கழித்து அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக விளங்கியது. மிஸி மருந்து கட்டி முடிக்கும்வரை நான் ஒரு பகிடியும் விடவில்லை.

கை ஆறியது. நடு எழுத்து திரும்பி வரவில்லை. அந்த இடம் மினுமினுத்த வெறும் தோலாகக் கிடக்கிறது. திரும்பக் குத்து என்று கூட்டாளி பல தடவை சொல்லிவிட்டான். எனக்கு மனம் வரவில்லை. இன்றும் குளித்துவிட்டு வந்ததும் அதில் ஒரு துளி எண்ணெய் விட்டு, கப்பல்காரன் காட்டியபடி மெல்லத் தடவுகிறேன். ஆறிப்போன புண்ணுக்கு அது தேவையில்லை என்று தெரியும். பக்குவம் தேவைப்பட்ட நாட்களில்தான் நான் பகிடி விட்டுக்கொண்டிருந்தேனே.