இந்துமதிக்கு ஒரு நாற்காலி

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் இந்துமதி எச்.ஆர். பெரிய உத்தியோகம் என்று அவள் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வருகைப் பதிவு, பி.எஃப்., துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு வரும் நாளில் யார் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஆட்களை ஒப்பிக்க வைப்பது, இவ்வளவுதான் வேலை. திங்கட்கிழமை மீட்டிங்கில் மற்றவர்கள் முடிவெடுப்பார்கள். அதை நோட்டீஸ் போர்டில் இவள் ஒட்டுவாள். பசை தடவுவதற்கு எம்.பி.ஏ. எதற்கு என்று அவளுக்கே எரிச்சல். அந்த மீட்டிங்கில் தனக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசைப்பட்டாள்.

தீபாவளி வந்தது. போனஸ் வாங்கியதும் தென்மாவட்ட ஆட்கள் ஊருக்குப் போவார்கள். திரும்பி வரும்போது பாதிப் பேர் பக்கத்துக் கம்பெனியில் சேர்ந்துவிடுவார்கள். வேலை குறைவு என்று தெரிந்தால் போய்விடுவார்கள் என்று பயந்து, கம்பெனி திறக்கும் நாள், கையில் இருக்கும் ஆர்டர் எதையும் முதலாளிகள் வாய் திறந்து சொல்வதில்லை. ஒன்றும் தெரியாததால்தான் ஆட்கள் வேறு இடம் பார்க்கிறார்கள் என்பது இவர்களுக்கு உறைப்பதே இல்லை. இந்துமதிக்கு உறைத்தது. முதலாளி தங்கராஜிடம் நேராகப் போனாள்.

"லீவு முடிஞ்சு முதல் வாரம் நம்மகிட்ட வேலை இல்லீங்க சார். அதை இப்பவே சொல்லீரலாமுங்க. எப்ப வரோணும்னு தெரிஞ்சா வருவாங்க."

அவர் அரை மனசாகத் தலையாட்டினார். ஒவ்வொரு தையல் லைனாகப் போய் நின்று அவளே சொன்னாள். அந்த வருடம் சொன்ன நாளில் கிட்டத்தட்ட எல்லோரும் வந்துவிட்டார்கள். அவளுக்கு நாற்காலி கிடைத்தது.

தை மாதம் ஒரு மீட்டிங்கில் தங்கராஜ் சொன்னார்: "இந்த ஷிப்மெண்ட் போனதும் மூணாவது லைனை மூடறோம். அதுவரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாது. அம்மிணி, கேட்டாங்கன்னா வேலை இருக்குதுன்னு நீ சொல்லீரு. உம்பேச்சை நம்புவாங்க."

தன்னை எதற்காக உட்கார வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவமானமாக இருந்தது.

"நான் சொல்ல மாட்டேனுங்க சார். பொய்யின்னு தெரிஞ்சா அடுத்த தீபாவளிக்கு எம்பேச்சை யாருங்க கேப்பாங்க? நிஜத்தைச் சொல்லி, ஷிப்மெண்ட் முடியற வரைக்கும் இருங்கன்னு கேக்கலாமுங்க."

"அடுத்த தீபாவளியை அப்பப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் வேறு பேச்சுக்குப் போனார்.

அந்த வாரமே, மூன்றாவது லைனில் தைக்கும் கமுதிக்காரி பாண்டியம்மாள் அவளை வழிமறித்தாள். "மேடம், லைனை மூடப் போறாகளாமே, நெசமா?"

இந்துமதி ஆமாம் என்றாள். ஷிப்மெண்ட் வரைக்கும் இருக்க முடியுமா என்றும் கேட்டாள். சேதி லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. சிலர் இருந்தார்கள். பாண்டியம்மாளும் இன்னும் சிலரும் உடனே வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். ஷிப்மெண்ட் தாமதமானது. அடுத்த திங்கட்கிழமை மீட்டிங்குக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமையும் கூப்பிடவில்லை. அவளுக்கு வருத்தம்தான், இல்லாமல் இருக்குமா?

பங்குனியில் பாண்டியம்மாள் போன் செய்தாள். மங்கலம் ரோட்டில் ஒரு கம்பெனியில் இருக்கிறாளாம்.

"இங்க இருக்குற எச்.ஆர். சார், வருசம் பூராவும் ஆர்டர் இருக்குன்னு சொல்றாரு மேடம். எங்க லைன்ல ஒருத்தரும் நம்பல. நீங்க கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்களேன். நீங்க இருக்கச் சொன்னா இருக்கோம்."