கோப்பி மலையில் அக்கா கொடுத்த வாக்கு

எங்கள் அன்பு அக்கா எம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும், நான் அருகிலிருந்து கண்ட ஒரு பிற்பகலைச் சொல்ல விரும்புகிறேன்.

சாவகச்சேரியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்த அக்கா, போர்க்காலத்தில் ஜேர்மனிக்குச் சென்று, அங்கே கோப்பி வறுக்கும் ஆலையொன்றில் தொழில் பழகினார். பின்னர் இலண்டன் வந்து மிச்சம் என்னும் பகுதியில் குடியேறினார். அத்தானை இழந்த பிறகு, பக்கத்து ஊரான சட்டனில் சிறிய இடமொன்றை வாடகைக்கு எடுத்துத் தாமே கோப்பி வறுத்து விற்றார். உகண்டாவின் மலைச்சரிவில் கோப்பி பயிரிடும் பெண்களின் சங்கம் ஒன்றிடமே கொட்டை வாங்கினார். அறுவடைக் காலத்தில் அங்கே போய்விடுவார்.

ஒருமுறை நானும் கூடப் போனேன். காய்ந்த கொட்டைகளைச் சாக்குகளில் கட்டி முடித்த வேளையில் மழை பிடித்துக்கொண்டது. பாதை காயும்வரை பொறுப்போம் என்றார் லொறிச் சாரதி மூசா. கப்பல் போய்விடும் என்று அக்காவுக்குப் பதைப்பு. மழை சற்று ஓய்ந்ததும் புறப்பட வேண்டும் என்று அவர்தான் முடிவெடுத்தார். இதை மறைத்து எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது.

முன்னால் மூசாவும் நாங்கள் இருவரும். பின்னால் சாக்குகளின் மேல் சங்கத்தலைவி நமோனோவும் மூன்று பெண்களும். ஏற்றமான ஒரு வளைவில் லொறி செம்மண்ணில் வழுக்கிப் பின்னோக்கிப் போனது. பின்சில்லு ஒன்று விளிம்பைத் தாண்டித் தொங்கியது. கீழே பெரும் பள்ளம். மூசா பிரேக்கை மிதித்தபடி அசையாமல் இருந்தார்.

"தம்பி, மெல்ல இறங்கு. கதவை அடிச்சுச் சாத்தாதை."

"நீங்கள், அக்கா?"

"நானும் வாறன். கல்லெடுத்துச் சில்லுக்குப் பின்னால வை."

வைத்த கல் சேற்றோடு நகர்ந்தது. அக்கா மலைப்பக்கமாக நின்று கைகளை நீட்டி, ஒவ்வொருவராகப் பெண்களை இறக்கினார். நமோனோ மட்டும் வரவில்லை. "இது எங்கள் ஒரு வருட உழைப்பு" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். லொறி இன்னும் ஒருமுறை அசைந்தது. அக்காவின் ஆங்கிலம் எங்கே போனதோ தெரியாது.

"விட்டிட்டு இறங்கணை! கோப்பி போனாப் போகட்டும். நான் இருக்கிறன், இறங்கு!" என்று தமிழிலே கத்தினார்.

அந்தப் பெண் அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு சாக்கை விட்டுக் கைகளை நீட்டினார். அவர் தரையில் கால் வைத்ததும் மூசாவும் வெளியே பாய்ந்தார். லொறி சரிந்து, உருண்டு, பள்ளத்துக்குள் போய் விழுந்தது. வாழைகள் முறியும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அக்கா அந்தப் பெண்களையும் மூசாவையும் நோக்கித் திரும்பினார். "புறப்படச் சொன்னவள் நான். இந்தக் கோப்பி என்னிடம் வந்து சேர்ந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். லொறிக்கும் நானே பொறுப்பு" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

இலண்டன் திரும்பியதும் அக்காவின் மகள் அழுதாள். "ஏனம்மா அப்பிடிச் சொன்னனீங்கள்? எங்களால ஏலுமே?"

"ஏலாட்டியும் செய்யத்தான் வேணும், பிள்ளை."

வறுக்கும் இயந்திரத்தை விற்றார். முதியோர் இல்லமொன்றில் ஷிப்ட் எடுத்தார். முதுகுவலியோடு பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தார். அடுத்த அறுவடைக்கு முன் ஒருவருக்கும் பாக்கி இல்லை. பிறகு வேறொருவரின் இயந்திரத்தில் வறுத்து, மறுபடியும் தொடங்கினார். நோய் அவரைப் படுக்கையில் வீழ்த்தும்வரை அந்தப் பெண்களைத் தவிர வேறு எவரிடமும் கொட்டை வாங்கவில்லை.

அக்காவைப் பரிவோடு பார்த்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், லீவெடுத்து வந்து கட்டிலருகே இருந்த நண்பர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள்கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி. மூசாவுக்கும், மறைவுச் செய்தி கேட்ட அன்று கோப்பி பறிக்காமல் ஒன்றுகூடி எங்களைத் தொலைபேசியில் அழைத்து அழுத அந்தப் பெண்களுக்கும் நன்றி. இம்மலரை அவர்களால் வாசிக்க முடியாது. என்றாலும் அடுத்த அறுவடைக்குப் போகும்போது அக்காவின் மகள் ஒரு பிரதியைக் கொண்டுசெல்கிறாள். நமோனோவுக்கு அருகில் இருந்து அவளே ஆங்கிலத்தில் வாசித்துச் சொல்வாள்.

என்றும் நினைவுடன்,
தம்பி