பச்சை மையில் முக்கிய வெங்காயத் தோல்

எங்கள் பள்ளி ஆய்வக உதவியாளரை ஆசிரியர்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிப்படிப்பைத் தாண்டாதவர். இருபத்தாறு வருடமாக நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடிச் சில்லுகளைத் துடைத்துத் துடைத்தே விரல்கள் தேய்ந்துவிட்டன. ஜன்னலோர ஜாடியில் ஒரு நீர்ச்செடி வளர்த்தார். மகள் கல்யாணத்தன்றுகூட வந்து அதற்குத் தண்ணீர் மாற்றிவிட்டுப் போன ஆள். அதன் இலையை நுண்ணோக்கியில் வைத்தால் ஒவ்வொரு செல்லிலும் பசுங்கணிகங்கள் பச்சை மணிகளாகத் தெரியும். "இதுதாங்க செடியோட அடுப்பு. வெயில்தான் விறகு. தண்ணியையும் காத்தையும் வச்சே சாப்பாடு ஆக்கிடும்" என்பார். பாடம் நடத்தும் என்னைவிட நன்றாகச் சொல்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்கூட உண்டு.

இந்த வருடம் வெள்ளையடிக்க ஆள் வந்தபோது ஜாடியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டியவர், அப்படியே மறந்துவிட்டார். செய்முறைத் தேர்வன்று காலை திறந்தால், வெளிச்சம் காணாத செடி வெளுத்து அழுகிக் கிடந்தது. பயந்துபோய் வெங்காயத் தோலை உரித்து, பச்சை மையில் முக்கி, அந்தச் செடியின் இலை என்று நுண்ணோக்கியில் வைத்துவிட்டார். நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் புத்தகத்தில் உள்ளபடி மணி மணியாக வரைந்திருந்தார்கள். ஒருத்தி மட்டும் வெறும் கட்டங்களை வரைந்து, 'பச்சை எங்கும் பரவியிருக்கிறது, பசுங்கணிகம் ஒன்றும் இல்லை' என்று எழுதியிருந்தாள். பூஜ்யம் போட்டேன். போதாதென்று, "கண்ண வீட்ல வச்சிட்டு வந்தியாம்மா?" என்று வகுப்பில் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் சில்லு துடைத்துக்கொண்டிருந்த அண்ணன் தலை நிமிரவில்லை.

மறுநாள் வகுப்புக்கு முன் என்னிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னார். "மண்ணுக்குள்ள கிடக்குற வெங்காயத்துக்கு ஏதுங்க அடுப்பு? தெரிஞ்சேதான் பண்ணேன். ராத்திரி சோறு இறங்கல. வெக்கமா இருக்கு."

"விடுங்கண்ணே, மார்க்க மாத்திடுறேன். யாருக்கும் தெரிய வேணாம்" என்றேன். பயம் எனக்கும்தான்.

"மார்க்க மாத்திடுவீங்க. அந்தப் பொண்ணு இனிமே கண்ணால பாக்குறத எழுதுவாளா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வகுப்புக்குள் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் எழுந்தாள்.

"அப்ப நான் பார்த்தது சரியா சார்?" கேட்டது அவரிடம் இல்லை, என்னிடம்.

"சரிதாம்மா. நீ மட்டும்தான் பார்த்த."

முப்பத்தொன்பது தலைகள் குனிந்தன. என்னுடையதையும் சேர்த்தால் நாற்பது.