ஊசி போட்ட வீரரும் மட்டன் ரோல்ஸும்

இன்று சுவிஸின் டீட்டிகோனில் மகளின் பேஸ்போல் ஆட்டம். நல்ல வெயில். பெற்றோர் வரிசையில் எனக்குப் பக்கத்தில் சிவா அண்ணை. அவருடைய மகனும் அதே அணிதான்.

சும்மா இருக்காமல் நான்தான் கதையைத் தொடக்கினேன். ஊக்கமருந்து எடுத்துக்கொண்டு பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்துத் தள்ளிய அந்த அமெரிக்க ஆட்டக்காரர்களைப் பெரிய வீரர்கள் என்று சொல்லலாமா?

"ஒருக்காலும் இல்லை. ஊசி போட்டு அடிச்சது அவன்ரை அடியோ? மருந்தின்ரை அடி!"

"அந்த நேரம் எல்லாரும் போட்டவங்கள்தானே, அண்ணை?"

"எல்லாரும் செய்தால் களவு களவில்லையோ?"



இடைவேளையில் அண்ணை தன் கையால் செய்த மட்டன் ரோல்ஸ் பெட்டியைத் திறந்தார். சுவிஸ் பெற்றோர் எல்லோரும் ஓடி வந்தார்கள். ரோல்ஸில் அவரை வெல்ல இந்த மைதானத்தில் ஆளில்லை. என்ன இரகசியம் என்று பயிற்சியாளர் கேட்க, எல்லாம் கைப்பக்குவம்தான் என்று அண்ணை டொச் (ஜெர்மன்) மொழியில் பெருமையாக விளக்கினார்.

அவருடைய மனைவி என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "கைப்பக்குவமோ? இங்கத்தை எல்லாச் சாப்பாட்டு மேசையிலயும் நிக்கிற அந்த மஞ்சள் டப்பா, ருசி கூட்டுற உப்புத்தூள், இல்லாட்டி, இவர் அடுப்படிக்கே போகமாட்டார்."

நான் அண்ணையைப் பார்த்தேன்.

"அது… எல்லாரும் போடுறதுதானேப்பா," என்றார்.

என் வாயில் இரண்டாவது ரோல்ஸ். அருமையான ரோல்ஸ்.

அண்ணையைப் பெரிய சமையற்காரர் என்று சொல்லலாமா, கூடாதா? வீட்டில் அந்த மஞ்சள் டப்பா இல்லாதவர்கள் மட்டும் கீழே தீர்ப்பு எழுதவும்.