கழலாத ஐந்தாவது நட்டு

இன்று காலை அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும் வழியில், ஜெராம் ஊரைத் தாண்டியதும் டயர் பஞ்சர்.

நான் பயப்படவில்லை. போன மாதம்தான் ஆன்லைனில் மலிவாக ஒரு ஸ்பேனர் செட் வாங்கிக் காரில் போட்டிருந்தேன். நான்கு நட்டுகள் கழன்றன. ஐந்தாவதற்கு ஸ்பேனர் மேலேயே ஏறி நின்று மிதித்தேன். ஸ்பேனரின் வாய் விரிந்தது. நட்டின் முனைகளும் மழுங்கிவிட்டன.

மீன் லோரி ஓட்டி வந்த அண்ணன் ஒருவர் நிறுத்தி, தன் ஸ்பேனரைப் போட்டுப் பார்த்தார். அதுவும் வழுக்கியது.

"இனிமே வெட்டித்தான் எடுக்கணும் தங்கச்சி. வொர்க்‌ஷாப் ஆளு வந்தாத்தான் முடியும் லா."

அவரே எங்களை லோரியில் ஏற்றிக்கொண்டு போய் டயாலிசிஸ் சென்டரில் விட்டார். ஒன்றரை மணி நேரம் தாமதம்.

"மெஷின்ல வேற ஆளப் போட்டாச்சும்மா. நாளைக்குக் காலையில வாங்க," என்றார் அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸி.

அப்பாவின் வீங்கிய கால் செருப்புக்குள் நுழையவில்லை. டாக்சி பிடித்து வீட்டுக்கு வந்தபின்தான் மெதுவாகக் கேட்டார்: "ஒரு வாய் தண்ணி குடிக்கலாமாம்மா?"

டயாலிசிஸ் தவறினால் குடிக்கிற தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தேங்கும்; ஒரே ஒரு வாய்தான் கொடுத்தேன். கொடுத்ததற்கும் அழுகை வந்தது, அவ்வளவுதான் கொடுத்ததற்கும் அழுகை வந்தது.

எங்கள் கார் இன்னும் சாலையோரத்தில்தான் நிற்கிறது. நாளை காலை கோலசிலாங்கூரிலிருந்து கிள்ளான் பக்கம் கார் எடுப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள். நல்ல ஸ்பேனர் வைத்திருப்பவர்களுக்கு முன்னுரிமை.